சின்னவள் எழுப்பிய கம்ப்யூட்டர்

குடிநீர் நிலையத்தின் பம்புகளை இயக்கியது பீரோ உயரத்துக்கு நின்ற ஒரு பழைய மினி கம்ப்யூட்டர். அதைப் பார்த்துக்கொண்ட இன்ஜினியரை வீட்டில் பெரியவள் என்பார்கள். ஒருநாள் அதன் டிஸ்க் செத்துப்போனது. அந்த வகை டிஸ்க்கை இப்போது யாரும் செய்வதில்லை. புது டிஸ்க்கையோ கம்ப்யூட்டர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பெரியவள் தலைகீழாக நின்று பார்த்தாள். பம்புகளை ஆட்கள் கையால் இயக்கிக்கொண்டிருந்தார்கள்.

பொறுமையிழந்த மேலதிகாரி வெளியிலிருந்து ஆள் வரவழைத்தார். வந்து நின்றது சின்னவள். பெரியவளின் சொந்தத் தங்கை.

"உங்க தங்கச்சியா? மூச்சே விடலையே நீங்க!" என்றார் மேலதிகாரி.

சின்னவள் கம்ப்யூட்டரின் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். "புது டிஸ்க்கோட பேச இதுக்குத் தெரியல. பழைய காந்த டேப்போட பேசத் தெரியும்ல? டேப்புல ஒரு குட்டி புரோகிராம் வைப்போம். அது முதல்ல எழுந்து, டிஸ்க்க எப்படிப் படிக்கிறதுன்னு சொல்லிக்கொடுக்கட்டும்."

பெரியவளும் இதே வழியில் பாதி தூரம் போய் முட்டி நின்றவள்தான். சின்னவள் சாயங்கால டீ வருவதற்குள் முடித்துவிட்டாள். அலுவலகமே அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. பெரியவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. பள்ளிக்கூடத்திலிருந்தே இப்படித்தான். இவள் மூச்சுவாங்கி ஏறும் படிகளை அவள் பாட்டுப் பாடிக்கொண்டே தாண்டுவாள்.

மறுநாள் காலை, யாரும் வருமுன், ஏதாவது குறை இருக்காதா என்று பெரியவள் மெயின் சுவிட்சை அணைத்து மறுபடி போட்டாள். கம்ப்யூட்டர் எழும்போதே பாதியில் நின்றுவிட்டது. டிஸ்க் முழு வேகத்துக்குச் சுழல்வதற்குள் புரோகிராம் அவசரப்பட்டு அதைப் படிக்கப் பார்க்கிறது என்பது அவளுக்குப் புரிந்தது. கொஞ்சம் பொறுத்துப் புரோகிராமை மறுபடி ஓட்டியதும் எழுந்தது. மனதுக்குள் ஒரு குளுமை. யாரிடமும் அவள் வாய் திறக்கவில்லை.

பெரிய அதிகாரிகள் பார்க்க வந்தபோது, மின்சாரம் போய் வந்தாலும் பயமில்லை என்று காட்ட, சின்னவள் மெயினை அணைத்து மறுபடி போட்டாள். கம்ப்யூட்டர் பாதியில் நின்றது. அவளுக்குக் காது மடல் சிவந்தது. மேலதிகாரி தொண்டையைச் செருமினார். சின்னவள் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தாள்.

பெரியவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "டிஸ்க் இன்னும் வேகம் புடிக்கல. கொஞ்சம் பொறுத்துப் புரோகிராம மறுபடி ஓட்டு."

கம்ப்யூட்டர் எழுந்தது. பம்புகள் உறுமின.

"அக்காதான் கண்டுபிடிச்சா," என்றாள் சின்னவள் எல்லோர் முன்னாலும். அந்தப் பெருந்தன்மையும் பெரியவளைச் சுட்டது.

எல்லோரும் போனபின் சின்னவள் கேட்டாள்: "முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன்க்கா சொல்லல?"

"நீ ஒரு தடவையாவது முழிக்கிறதப் பாக்கணும்னு இருந்துச்சு."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப நேரம் நிக்கல."

சின்னவளுக்குக் கண் கலங்கியது, ஆனால் சிரித்துவிட்டாள். பெரியவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டிஸ்க் தயாராகும்வரை காத்திருக்கும்படி புரோகிராமைத் தானே திருத்தத் தொடங்கினாள். தோளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இதையே இன்னும் சின்னதா எழுதலாமேக்கா."

பெரியவளுக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது. "வாய மூடிட்டு நில்லுடி," என்றாள். பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு, "எப்படி, சொல்லு," என்றாள்.