சும்மா வேண்டாம்

வாரண்டி முடியும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த மருமகளின் லேப்டாப், முடிந்த அடுத்த மாதமே உயிரை விட்டது. யாரோ கட்டப்போகும் ஒரு வீட்டுக்கு மாடிப்படி வரைந்துகொண்டிருந்தாள் அவள். பாதிப் படியில் திரை கறுத்துவிட்டது. பிளக்கை மாற்றிப் பார்த்தாள், பொத்தானை அழுத்திப் பிடித்துப் பார்த்தாள், கடைசியில் மூடியின்மேல் கையை வைத்தபடி சும்மா உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா?" என்றார் பெரியவர்.

"போச்சு மாமா."

அழவில்லை. அழுதிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

குழந்தை பிறந்தபின் வேலை தேடி அவள் ஏறாத ஆபீஸ் இல்லை. "வீட்டிலிருந்தே வரைந்து அனுப்பு" என்று ஒரு கட்டடக் கம்பெனி ஒருவழியாக ஒப்புக்கொண்டது. இப்போது அவர்கள் வெள்ளிக்கிழமை வரைதான் பொறுப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அதற்குள் மெஷின் வராவிட்டால் வரைபடங்கள் வேறு ஆளுக்குப் போகும். வரைபடம் போனால் வேலையும் அதன் பின்னாலேயே போகும் என்பதை யாரும் சொல்லாமலே இருவருக்கும் தெரிந்திருந்தது.

இதற்கு ஒரு போன் போதும். அவளுடைய அண்ணன் லேப்டாப் கடை வைத்திருந்தான். செத்துக் கிடந்த மெஷினும் அந்தக் கடையில் வாங்கியதுதான். ஆனால் அந்த போனைப் போடக்கூடாது என்று பெரியவர் வீட்டில் உத்தரவு போட்டிருந்தார்.

அவர் தபால் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். யார் பெயருக்கு வந்த பார்சலோ அவர் கையில்தான் கொடுப்பேன் என்று ஊர்ப் பெரிய மனிதர்களையே வாசலில் நிறுத்தி வைத்தவர். வீட்டில் இருக்கும்போதும் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருப்பார். சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் "இஸ்திரி". அது அவருக்கும் தெரியும். உள்ளூர அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மகனுக்குப் பெண் எடுத்தபோது சம்பந்தி வீட்டிலிருந்து ஒரு துரும்பையும் வாங்கவில்லை. லேப்டாப் வாங்கப் போன அன்றும், "நம்ம தங்கச்சிதானே, பார்த்துப் போட்டுக்கலாம் மாமா" என்று விலையைக் குறைக்க வந்தவனைக் கையமர்த்தி, மற்றவர்களுக்கு என்ன விலையோ அதையே கொடுக்க வைத்தார். பில்லை மருமகள் பெயரில் போடச் சொன்னவரும் அவர்தான். அவள் சம்பாதித்து வாங்கியது அவள் பெயரில்தானே இருக்க வேண்டும்?

"அப்பா, மச்சான்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சது" என்றான் வெளியூரில் வேலையிலிருந்த மகன், போனில்.

"ஒரு வார்த்தைதான். ஆனா வாயிலிருந்து போனா திரும்பி வராது."

மறுநாள் காலையில் லேப்டாப்பைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குத் தானே கிளம்பினார்.

அங்கே டோக்கன் வாங்க ஒரு வரிசை, டோக்கனைக் காட்ட ஒரு வரிசை. பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தன. கடைசியில் இருப்பவர் எழுந்தால் எல்லாரும் ஒருமுறை ஆடினார்கள். ஏசி இருந்தது, குளிர் இல்லை. உள்ளே மெஷினைக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வந்த கவுன்டர் ஆள், பாவம், காலையிலிருந்து அதையே சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியிருந்தான்.

"மதர்போர்டு போயிடுச்சு சார். வாரண்டி முடிஞ்சிடுச்சு. போர்டு மாத்தறதுக்குப் புதுசே வாங்கிடலாம்."

"கீழே விழல, தண்ணி படல. ஏன் போச்சு?"

"தானா போயிருக்கு சார்."

"தானா போகறதுக்கு அது என்ன வயசான கிழவரா?" என்றது பக்கத்து நாற்காலி.

கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். மடியில் அதே நிறத்தில் அதே லேப்டாப். பெரியவர் திரும்பிப் பார்க்கவும், "என்னுதும் இதே மாடல்தாங்க, இதே சாவு" என்றாள். "அதோ, தூண்கிட்ட நிக்கிறாரே, அவருதும்."

"இனிமே என்ன செய்ய முடியும்? வாரண்டி முடிஞ்சுபோச்சாமே."

"வாரண்டிங்கிறது கம்பெனிக்காரன் அவனா குடுத்த வாக்கு சார். முடிஞ்சா அவன் வாக்குதான் முடியும். விலை குடுத்து வாங்கின பொருள் நியாயமான காலம் உழைக்கணும்ல? ஆரம்பத்துலேயே கோளாறோட வந்த பொருள்னா, வித்த கடைக்காரர் பதில் சொல்லணும். கேக்கறதுக்கு நமக்கு உரிமை இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, "என் வீட்டுக்காரர் வக்கீல். அவர்கிட்ட பேசி ஜெயிக்கறதுக்காகவே நான் சட்டம் கத்துக்கிட்டேன்" என்றாள்.

பெரியவருக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த பேச்சில் அது அடங்கிவிட்டது.

"நான் வாங்கின கடைக்காரர் இருக்காரே, பேச்செல்லாம் தேன். சிரிச்சுச் சிரிச்சே என்னை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுட்டார். நாளைக்கு மறுபடி போகப்போறேன், வக்கீலைக் கூட்டிட்டு வருவேன்னு சொல்ல." கடையின் பெயரையும் சொன்னாள்.

மருமகளின் அண்ணன் கடைதான் அது.

பெரியவருக்குக் காது சுட்டது. பெண் எடுத்த இடத்தின் பேர் சந்தியில் இழுபட்டால் அதில் பாதி தன் பேரும்தான். அந்தக் கடை என் சொந்தம் என்று சொல்லவும் முடியவில்லை, இல்லை என்று இருக்கவும் முடியவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். நாற்காலிகள் ஆடின.

வீட்டுக்கு வந்தால் போன் அவருக்காகக் காத்திருந்தது. உத்தரவை மீறி மகன் சொல்லியிருக்கிறான்.

"என்ன மாமா இது, என்கிட்ட சொல்லக்கூடாதா?" மருமகளின் அண்ணன் குரல் ஸ்பீக்கரில் சமையலறை வரை கேட்டது. "பழசைத் தூக்கிப் போடுங்க. கடையில புதுசு இருக்கு, நாளைக்கே ஆள்கிட்ட குடுத்தனுப்பறேன். சும்மா வச்சுக்கட்டும்."

"சும்மாவா?"

"ஆமா மாமா, சும்மாதான். தங்கச்சிக்குச் செய்யாம யாருக்குச் செய்யப்போறேன்?"

"சும்மா வேண்டாம்" என்றார் பெரியவர். "எங்க வீட்ல யாரும் சும்மா வாங்கிப் பழக்கமில்ல." போனை வைத்துவிட்டார்.

மருமகள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கையில் கழுவிய தட்டு. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"மாமா, எனக்கு வரையறதுக்கு ஒரு மெஷின் வேணும். அது சும்மா வந்தா என்ன, சுமந்து வந்தா என்ன?"

"உனக்குப் புரியாதும்மா."

"புரியுது. நீங்க நிமிர்ந்து நிக்கறீங்க. நிமிர்ந்து நிக்கறவங்க நிழல்ல நாங்கதானே உட்கார்ந்திருக்கோம்? எங்களுக்கு வேலை போயிட்டாலும் நிழல் மட்டும் மிஞ்சும்." குரலை உயர்த்தாமலே சொன்னாள். உயர்த்தத் தெம்பில்லை. தட்டைத் துடைத்து அடுக்கிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் ஒரே இடத்தில் வந்து நின்றது. சும்மா வாங்கினால் தன் தலை குனியும். வாங்காவிட்டால் அவள் வேலை போகும். மூன்றாவதாக ஒரு வழி அந்தக் கண்ணாடிக்காரம்மாள் வாயிலிருந்து வந்திருந்தது. கெஞ்சவும் வேண்டாம், அன்பளிப்பும் வேண்டாம்; கடைக்காரனிடம் கடைக்காரன் செய்ய வேண்டியதைக் கேட்பது. சொந்தக்காரனிடம் போய் அப்படிக் கேட்பது கொஞ்சம் கசப்புதான். ஆனால் கேட்டுப் பெறுவதில் குனிய வேண்டியது இல்லை.

மறுநாள் சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கடைக்குப் போய்ப் புகார் கவுன்டரின் வரிசையில் நின்றார். முன்னால் இரண்டு பேர். கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக்காரம்மாளும் வந்து பின்னால் சேர்ந்துகொண்டாள். அவளுக்கும் பின்னால், தூணருகே நின்ற ஆள்.

மருமகளின் அண்ணன் கண்ணாடி அறையிலிருந்து ஓடிவந்தான். "ஐயோ மாமா! இங்க ஏன் நிக்கறீங்க? உள்ள வாங்க. டேய், மாமாவுக்கு டீ சொல்லு."

"டீ வேண்டாம். வரிசை நகரட்டும்."

"என்ன சார், கடைக்காரர் உங்களுக்குச் சொந்தமா?" என்றாள் கண்ணாடிக்காரம்மாள்.

"சொந்தம்தான்" என்றார் அவர். "அதனாலதான் வரிசையில நிக்கறேன்."

அவர் முறை வந்தது. கவுன்டரிலிருந்த பெண் முதலாளியைப் பார்த்தாள். முதலாளி அவளை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தான்.

"இன்னிக்கு நான் உனக்கு மாமா இல்ல, கஸ்டமர்" என்று பெரியவர் பையைத் திறந்து லேப்டாப்பையும் பில்லையும் வைத்தார். "இந்த மெஷின் உழைக்க வேண்டிய காலம் உழைக்கல. வித்தவன்கிற முறையில நீதான் சரி பண்ணிக் குடுக்கணும்."

அவன் லேப்டாப்பைப் பார்த்தான். பின்னால் நிற்பவர்களின் கைகளில் இருந்த அதே லேப்டாப்புகளைப் பார்த்தான். முகத்திலிருந்த சிரிப்பு அவனை அறியாமலே கரைந்தது.

"கஸ்டமர்னா..." தொண்டையைச் செருமினான். "வாரண்டி முடிஞ்சிடுச்சு சார்."

அந்த "சார்" பெரியவரை ஓங்கி அறைந்தது. கேட்டு வாங்கிக்கொண்டதுதான், இருந்தாலும் வலித்தது.

அவன் மேஜைமேல் குனிந்து கிசுகிசுத்தான். "மாமா, கோவிச்சுக்காதீங்க. உங்களுக்குக் குடுக்கறது எனக்குப் பெரிசில்ல. சும்மான்னு வாங்கிக்கிட்டா நம்ம ரெண்டு வீட்டோட போயிடும். நீங்க உரிமைன்னு கேட்டு நானும் குடுத்தா, உங்க பின்னால நிக்கறவங்களுக்கும் நான் குடுக்கணும். கம்பெனிக்காரன் கையை விரிச்சுட்டான். நான் எங்க போவேன்? தலையை ஆட்டுங்க மாமா. அவ மத்தியானமே வேலையை ஆரம்பிச்சுடுவா."

பெரியவருக்கு இடுப்பு கடுத்தது. காலையிலிருந்து நிற்கிறார். தலையை ஆட்டினால் மத்தியானமே அவள் அந்த மாடிப்படியை முடித்துவிடுவாள். பின்னால் நிற்பவர்கள் நிற்பார்கள், அவ்வளவுதானே? ஊரில் யார்தான் நிற்கவில்லை? தட்டிலிருந்து சொட்டிய தண்ணீர் நினைவுக்கு வந்தது. ஆட்டிவிடலாம் என்று கழுத்துப் பொத்தானை அவிழ்த்தார்.

"மாமா! சார்ஜரை விட்டுட்டு வந்துட்டீங்களே!"

மருமகள் மூச்சு வாங்க நின்றிருந்தாள், கையில் வயர் தொங்க. "சார்ஜர் இல்லாம எதை வச்சுச் சோதிப்பாங்க?" என்றவள் இரண்டு ஆண்களின் முகங்களையும் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள். என்ன பேரம் நடக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணே, பில் யார் பேர்ல இருக்கு?"

அவன் பில்லைப் பிரித்துப் பார்த்தான். "உன் பேர்லதான்."

"அப்ப என்கிட்ட பேசு."

பெரியவருக்கு அப்போதுதான் உறைத்தது. வாழ்நாள் முழுக்கப் பார்சலில் பெயரைப் பார்க்காமல் கையை நீட்டாதவர், அவள் பெயரில் இருந்த பில்லை எடுத்துக்கொண்டு வந்து தன் மானத்துக்கு வழக்கு நடத்திக்கொண்டிருந்திருக்கிறார். பெயருக்கு உரியவர் வந்து நின்றால் மற்றவர் விலக வேண்டும். அரை அடி விலகி நின்றார்.

"இதை நீ எடுத்துக்கிட்டுச் சரி பண்ணிக் குடு" என்றாள் அவள். "கம்பெனியோட சண்டை போடறது உன் தொழில். சரியாகற வரைக்கும் கடையில காட்டறதுக்கு வச்சிருக்கியே, அந்த டெமோ பீஸை எனக்கு இரவல் குடு."

"நேத்தே புதுசையே குடுக்கறேன்னேனே, சும்மா!"

"அதான் மாமா வேண்டாம்னுட்டாரே." சொல்லும்போது அவள் பெரியவரைப் பார்க்கவில்லை. "எனக்கும் வேண்டாம். இவங்க மெஷினையும் எடுத்துக்கோ."

"எல்லாருக்கும் இரவல் குடுக்க நான் என்ன லைப்ரரியா நடத்தறேன்?"

"இரவல் தங்கச்சிக்கு. ரிப்பேர் எல்லாருக்கும்."

"கம்பெனிக்காரன் என்னை நாயா அலைய விடுவான்டி."

"நாங்க அலையல? மாமாவோட முகத்தைப் பாரு."

அவன் பார்த்தான். பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குள் கண்ணாடிக்காரம்மாள் தன் லேப்டாப்பைக் கவுன்டர்மேல் வைத்துவிட்டாள். "வச்சாச்சு" என்றாள், பின்னால் நின்றவருக்கும் இடம் விட்டு.

அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு கவுன்டர்ப் பெண்ணைக் கூப்பிட்டான். "இந்த மூணையும் வாங்கி உள்ள வை. நம்ம பொறுப்புன்னு எழுதிக் குடு. எப்ப வரும்னு மட்டும் எழுதாத, எனக்கே தெரியாது." பிறகு பெரியவரிடம், "இதுக்காவது சம்மதமா மாமா?"

"என்னை ஏன் கேக்கற? பில் அவ பேர்ல."

"டீயாவது குடிப்பீங்களா?"

பெரியவர் யோசித்தார். "சர்க்கரை இல்லாம சொல்லு" என்று, அன்று முதல்முறையாக அந்தக் கடையின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

வெயில் சாய்வதற்கு முன்பே இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். இரவல் மெஷின் பழையது, கனமானது. அதை அவர்தான் தோளில் மாட்டியிருந்தார். அவள் கேட்டும் கொடுக்கவில்லை. ஒரு பக்கம் தோள் இறங்கியிருந்தது. மெஷின் சரியாகி வருமா, கம்பெனிக்காரன் என்ன சொல்வான், இன்னும் எத்தனை தடவை அந்தக் கடைக்கு ஏறி இறங்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. மாடிப்படி மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் முடிந்துவிடும்.

தெருமுனை வந்தது. அவிழ்ந்த கழுத்துப் பொத்தான் அப்படியே இருந்தது.

"என்ன மாமா, பேசாமலே வர்றீங்க?"

பையைத் தோள் மாற்றிக்கொண்டார் பெரியவர்.

"சும்மாதாம்மா" என்றார்.