ரெண்டாவது வரிக்கும் மூணாவது வரிக்கும் நடுவுல

கோமதிநாயகம் சம்பள அட்டவணையில ரெண்டாவது வரிக்கும் மூணாவது வரிக்கும் நடுவுல விழுந்துட்டாருன்னு திங்கக்கிழமை காலைல மாசிலாமணிக்குத் தகவல் வந்துச்சு. அந்தக் கம்பெனில இது நடக்குறதுதான். போன வருசம் ஒரு போர்மேன் கடைசி வரிக்குக் கீழ விழுந்தாரு. மெதுவா விழுறதால இன்னும் போன்ல பேசிக்கிட்டுதான் இருக்காரு.

ஜன்னல் கைப்பிடி செய்யிற கம்பெனி அது. பனி பெய்யிற வெளிநாட்டு ஊரு. வருசத்துக்கு ஒருக்கா யாருக்கு எவ்வளவு சம்பளம் கூட்டணும்னு ஒரு சாப்ட்வேர் முடிவு பண்ணும். முடிவு பண்றதுக்கு அது ஒரு அட்டவணையைப் பாக்கும். இடது பக்கம் மார்க்கு. வலது பக்கம் அந்த மார்க்குக்கு என்ன கிடைக்கும்ங்கிறது. மார்க்கு ரெண்டுன்னா ரெண்டாவது வரி. மூணுன்னா மூணாவது வரி. தேடுற மார்க்கு அட்டவணையில இல்லன்னா சாப்ட்வேர் சண்டை போடாது. யாரையும் கூப்பிட்டுக் கேக்காது. வெறும் கட்டத்தைக் காட்டிட்டு அடுத்த ஆளுக்குப் போயிரும்.

அந்த அட்டவணையைப் போட்டது மாசிலாமணி. மார்க்குன்னா முழுசாத்தான் வரும்னு அவரு நெனச்சிருந்தாரு. ஆனா கோமதிநாயகத்துக்கு ரெண்டு மேனேஜர். ஒருத்தர் ரெண்டு போட்டாரு, இன்னொருத்தர் மூணு போட்டாரு. சாப்ட்வேர் கூட்டி வகுத்து ரெண்டரைன்னுச்சு. ரெண்டரைக்கு வரி இல்ல.

கோமதிநாயகம் சீட்டுல டிபன் பாக்ஸ் மட்டும் இருந்துச்சு. தொட்டுப் பாத்தா சூடா இருந்துச்சு. மாசிலாமணி அது பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்தாரு. அந்த ஊர்ல அவரை நம்ம ஊர்ப் பேச்சுல 'என்னவே'ன்னு கூப்பிட இருந்தது அந்த ஒரு மனுசன்தான். மத்தவங்க பேசுறதெல்லாம் வேலையைப் பத்தித்தான்.

மார்கரெட்டா மேடம் வந்தாங்க. சம்பளத் திட்டத்துக்கு அவங்கதான் தலைமை. கையில ஒரு பெரிய பூட்டு. அன்னைக்கு அவங்க தமிழ்ல பேசுனாங்க. ஏன்னு யாரும் கேக்கல.

"சாயங்காலம் அட்டவணையைப் பூட்டிருவேன்."

"உள்ள ஆள் இருக்காரு மேடம்."

"எந்த வரி?"

"எந்த வரிலயும் இல்ல."

"அப்ப உள்ள ஆள் இல்ல."

"பூட்டிட்டீங்கன்னா?"

"அடுத்த வருசம் தொறப்பேன். வெறும் கட்டத்துக்குப் பசிக்காது. கவலப்படாதீங்க."

மேடம் போனதும் மாசிலாமணி அட்டவணையைத் தொறந்தாரு. ரெண்டாவது வரிக்கும் மூணாவது வரிக்கும் நடுவுல ஒரு கோடு இருந்துச்சு. மவுசை அது மேல வச்சு இழுத்தாரு. கோடு அகலமாச்சு. இன்னும் இழுத்தாரு. உள்ள இருந்து கொத்துப் பரோட்டா கொத்துற சத்தம் வந்துச்சு. ஷூவைக் கழட்டி மேஜைக்கு அடியில வச்சுட்டு, வலது காலை விட்டு எறங்கிட்டாரு.

உள்ள நல்ல வெயிலு. நீளமா ஒரு தெரு. மாசிலாமணி நடக்க நடக்க தெரு நீளமாச்சு, ஆனா கால் வலிக்கல. ஒரு செருப்புக்கடையில ஏழரை சைசு மட்டும் வித்தாங்க. அத வாங்கப் பெரிய கூட்டம். முதல் மாடிக்கும் ரெண்டாவது மாடிக்கும் நடுவுல நின்னுபோன லிப்ட் ஒண்ணு தெருவோரமா நின்னுச்சு. அதுல ஒருத்தர் முடி வெட்டிக்கிட்டு இருந்தாரு.

தெரு முடிவுல வாலிபால் நடந்துக்கிட்டு இருந்துச்சு. கோமதிநாயகம் பனியன் போட்டுக்கிட்டு அம்பயர் ஏணி மேல உக்காந்திருந்தாரு. ஸ்கோர் பதினாலரைக்குப் பதினாலரை.

"என்னவே மாசிலாமணி. எந்த வழியா வந்தீரு?"

"கோட்டை இழுத்து வந்தேன்."

"நான் நேரா விழுந்தேன். அது இன்னும் சுருக்கு."

"வெளிய வாரும்வே. சாயங்காலம் பூட்டிருவாங்க."

"பூட்டட்டும். இங்க யாருக்கு வெளிய சோலி இருக்கு?"

மாசிலாமணி ஏணிக் காலைப் பிடிச்சுக்கிட்டாரு. "எனக்கு இருக்கு"ன்னாரு. "நான் தனியா உக்காந்து சாப்பிடணும்லா."

கோமதிநாயகம் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்திட்டு எறங்கி வந்தாரு. ரெண்டு பேரும் டீக்கடை பெஞ்சுல உக்காந்தாங்க. கடை நடத்துனது பவுன்தாயி. ஒருக்கா பஸ்ல போகும்போது ரெண்டு ஸ்டேஜுக்கு நடுவுல எறங்கணும்னு சொல்லியிருக்காங்க. கண்டக்டர் கட்டணப் பட்டியலைப் பாத்தாரு. அந்த எடத்துக்குக் கட்டணம் இல்ல. அந்தப் பஸ்ஸுக்குள்ள இருந்தே பவுன்தாயி இங்க வந்து சேந்துட்டாங்க.

"பட்டியல் போட்டது யாரு, இவரா?"ன்னு பவுன்தாயி கேட்டாங்க.

"உன் பட்டியல் இல்லக்கா. இவரு போட்டது என் பட்டியலு."

"பாத்தா படிச்ச மாதிரிதான் இருக்காரு."

மாசிலாமணி டீயைக் குடிச்சாரு. அப்புறம் விவரம் சொன்னாரு. "ரெண்டாவது வரியைக் கீழ எறக்கிட்டா உமக்குக் கொஞ்சம் கெடைக்கும். மூணாவது வரியை மேல ஏத்திட்டா நெறையக் கெடைக்கும். எப்படிச் செஞ்சாலும் நீரு வெளிய வந்துருவீரு."

"அப்ப மூணை ஏத்தும்வே. இதுல என்ன யோசனை?"

"ஏத்துனா நடுவுல எடம் இருக்காது. இந்தத் தெரு மூடிரும்."

வாலிபால் ஆடுனவங்க எல்லாம் பந்தைக் கீழ வச்சாங்க. பந்து தரைக்குக் கொஞ்சம் மேலயே நின்னுச்சு.

"மூடிட்டா இந்த டீத்தூளை நான் என்ன செய்ய?"ன்னாங்க பவுன்தாயி. "இன்னைக்குத்தான் பாக்கெட்டைப் பிரிச்சேன்."

கோமதிநாயகம் பனியனைத் தூக்கி முகத்தைத் தொடைச்சாரு. "புதுசா ஒரு வரி போடும். ரெண்டரைன்னு."

"போடலாம். வலது பக்கம் ஏதாச்சும் எழுதணும். ரெண்டரைக்கு என்ன கெடைக்கும்னு."

"கொஞ்சம்னு எழுதாதேயும். நெறையன்னும் எழுதாதேயும்."

"பின்ன?"

செருப்புக்கடைக்காரர் 'ஏழரை'ன்னாரு. அவரு எதுக்கும் அதான் சொல்லுவாருன்னு யாரும் காதுல வாங்கல. அதுக்குள்ள பவுன்தாயி மாசிலாமணி கிளாஸுல மறுபடியும் ஊத்துனாங்க. ஊத்திக்கிட்டே, "போதும்னா சொல்லுங்க"ன்னாங்க.

மாசிலாமணி எந்திரிச்சாரு. கிளாஸோட ஓடுனாரு. திரும்பிப் போகும்போது தெரு சின்னதா இருந்துச்சு.

மேல வந்தப்போ மார்கரெட்டா மேடம் பூட்டை ஸ்கிரீன்ல மாட்டிக்கிட்டு இருந்தாங்க.

"ஒரு வரி சேக்கணும் மேடம்."

"வரி சேத்தா கட்டடம் ஆடும்."

"லேசாத்தான் ஆடும்."

"வலது பக்கம் சதவீதமா, தொகையா?"

"ரெண்டும் இல்ல மேடம். போதும்ங்கிற வரைக்கும்."

மேடம் அதை நாக்குல வச்சுப் பாத்தாங்க. "யாரு போதும்ங்கிற வரைக்கும்?"

"வாங்குறவரு."

"எங்க நாட்டுல குடுக்குறவங்கதான் சொல்லுவாங்க."

"எங்க ஊர்ல பந்தி வச்சா இலையில உக்காந்தவருதான் சொல்லணும். அதுவரைக்கும் போட்டுக்கிட்டே இருப்போம்."

"சாப்ட்வேர் ஒத்துக்குமா?"

ரெண்டு பேரும் சாப்ட்வேரைப் பாத்தாங்க. மாசிலாமணி இடது பக்கம் ரெண்டரைன்னு போட்டாரு. வலது பக்கம் 'போதும்ங்கிற வரைக்கும்'னு தட்டுனாரு. சாப்ட்வேர்ல இருந்து ஏப்பம் விட்ட மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு. சேமிச்சாச்சுன்னு காட்டுச்சு.

கட்டடம் லேசா ஆடுச்சு. மேல் மாடியெல்லாம் ஒரு மாடி மேல போயிருச்சு. அங்க இருந்தவங்களுக்குக் காது அடைச்சுது, அவ்வளவுதான். நடுவுல புதுசா ஒரு மாடி வந்துருச்சு. ஜன்னல் நெறைய வெயிலு. லிப்ட்ல முடி வெட்டிக்கிட்டு இருந்தவரு பாதித் தலையோட எறங்கி, எல்லாருக்கும் வணக்கம் சொன்னாரு. வாலிபால் வலையை ஒரு நுனி பிரிண்டர்லயும் மறுநுனி காபி மெஷின்லயும் கட்டுனாங்க. பவுன்தாயி கண்டக்டரைக் கைபிடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. அந்த ஆளும் ரொம்ப நாளா உள்ளதான் இருந்திருக்காரு.

மேடம் பூட்டை மாட்டித் திருகுனாங்க. "முடிஞ்சுது"ன்னு சொல்லிட்டு வலைக்கு அந்தப் பக்கம் போய் நின்னாங்க. சர்வீஸ் யாருன்னு கேட்டாங்க.

கோமதிநாயகம் பனியனோட சீட்டுல வந்து உக்காந்து டிபன் பாக்ஸைத் தொறந்தாரு. ஒரு அடுக்கை மாசிலாமணி பக்கம் தள்ளுனாரு.

"சாப்பிடும்வே. ஆறிரும்."

ரெண்டு பேரும் சாப்பிட்டாங்க. பவுன்தாயி வந்து மாசிலாமணி கிளாஸுல டீ ஊத்த ஆரம்பிச்சாங்க. கிளாஸ் நெறையல. ஊத்த ஊத்த அது உசரமாகிக்கிட்டே போச்சு. மேஜையைத் தாண்டுச்சு. பவுன்தாயி ஸ்டூல் மேல ஏறி நின்னு ஊத்துனாங்க.

"போதும்னு சொல்ல வேண்டியதுதானவே"ன்னாரு கோமதிநாயகம்.

"என்ன அவசரம்"னுட்டு மாசிலாமணி கிளாஸை இன்னும் கொஞ்சம் முன்னால நீட்டுனாரு.