கறண்ட் வந்தால் சொல்லும்

பம்பின் மூடியைப் பிடித்திருந்த நான்கு நட்டுகளும் துருவேறி இறுகிவிட்டன. ஸ்பனர் போட்டுத் திருகியதில் அவற்றின் முனைகள் மழுங்கியதுதான் மிச்சம். உள்ளே எதுவோ அடைத்து, பம்ப் தண்ணீர் இழுக்காமல் ஒரு கிழமையாயிற்று. எண்பத்தைந்தாம் ஆண்டு ஆவணி வெயிலில் நீர்வேலித் தோட்டத்தின் வாய்க்கால்கள் வெடித்துக் கிடந்தன. குலை தள்ளிய கதலி வாழைகள் இலை மடிந்து நின்றன. நட்டுகளை வெட்டி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று சீவரத்தினம் முடிவெடுத்தார். அவருடைய மனைவி குணலட்சுமி உடுவிலுக்குப் போய், இரும்புக் கேற் செய்யும் தன் தம்பியின் பட்டறையிலிருந்து இரும்பு வெட்டும் கைக் கிறைண்டரை வாங்கி வந்தாள்.

கறண்ட் அந்த நாட்களில் வருவதும் போவதுமாக இருந்தது. ஏன் என்று யாரும் விசாரிப்பதில்லை. இரண்டு நட்டுகளை வெட்டிய கையோடு கறண்ட் நின்றது. சீவரத்தினம் கிறைண்டரை அப்படியே சாக்கின் மேல் வைத்தார். முன்னுக்குத் தள்ளினால் தள்ளிய இடத்திலேயே நிற்கும் சுவிச்சு அதனுடையது.

“இஞ்சேருங்கோ, கறண்ட் போனால் சுவிச்சை நிப்பாட்டி, பிளக்கையும் கழட்டச் சொன்னவன் தம்பி.”

“ஒரு மெசினைத் தந்திட்டு உன்ரை தம்பி ஒன்பது சட்டம் சொல்லுவான். கிடக்கட்டும். வீட்டிலை றேடியோவைப் போட்டபடி விட்டிருக்கிறம்தானே? கறண்ட் வந்தால் உதுவும் சத்தம் போட்டுச் சொல்லும்.”

ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஆனால் றேடியோ வைத்த இடத்தில் இருந்தே பாடும். இது வைத்த இடத்தில் இருக்குமா என்று குணலட்சுமி யோசித்தாள். பிறகு பம்ப் அறைக்குள் போய், சத்தமில்லாமல் பிளக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

சற்று நேரத்தில் வீட்டில் றேடியோ பாடத் தொடங்கியது. கிறைண்டர் அசையவில்லை.

“உன்ரை தம்பியின்ரை மெசின் செத்துப்போச்சு” என்றபடி சீவரத்தினம் அதைத் தூக்கி மடியில் வைத்து, வெட்டும் தட்டைக் கட்டைவிரலால் தள்ளிச் சுற்றிப் பார்த்தார். தட்டு நன்றாகவே சுற்றியது. அப்போதுதான் அவர் பார்வை வயரின் வழியே போய் அறை வாசலில் நின்றவளின் கையில் முடிந்தது.

“ஆர் கழட்டினது?”

“நான்தான்.”

“சரி, பிளக்கைக் குத்து. கெதியா. திரும்பப் போகப்போகுது.”

அவள் குத்தவில்லை. அவர் சொன்னதை அவள் மறுப்பது அரிது. மறுத்தாலும் அடுப்பைப் பார்த்து முணுமுணுப்பதோடு சரி. வாழை வாடுவது அவளுக்கும் தெரியும்.

“குத்தடி எண்டுறன்! வாழை செத்த பிறகே குத்தப்போறாய்?”

“கையைப் பாருங்கோ.”

“என்ரை கைக்கு என்ன?”

“பாருங்கோ எண்டுறன்.”

அவர் குனிந்து பார்த்தார். கட்டைவிரல் இன்னும் தட்டின் விளிம்பில் இருந்தது. பிறகு சுவிச்சைப் பார்த்தார். றேடியோவில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியது. அவர் விரலை எடுத்து, சுவிச்சைப் பின்னுக்கு இழுத்தார். அந்தச் சின்னச் சத்தம் வாசல் வரை கேட்டது.

“இப்ப குத்து” என்றார், குரல் இறங்கி.

மூன்றாவது நட்டு தீப்பொறி கக்கி அறுந்தது. நான்காவது பாதி அறுந்தபோது கறண்ட் மறுபடியும் நின்றது. அவர் சுவிச்சை இழுத்துவிட்டார். கிறைண்டரைக் கீழே வைக்கவில்லை. தட்டு இன்னும் தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. அதை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி, தோட்டத்துப் பக்கம் திரும்பாமல், அவர் காத்து நின்றார். சுற்று தளரத் தளர, சாம்பல் நிறத் தட்டின் நடுவில் மெல்ல ஒரு சிவப்பு வளையம் தெரிந்தது. வளையம் அச்சடித்த எழுத்துக்களாகப் பிரிந்தது. எழுத்துக்களுக்கு இடையே ஒரு அம்புக்குறி, ஒருமுறை மேலே வந்து, இன்னொரு முறை வந்து, அவர் பக்கம் திரும்பி நின்றது.