கசிந்த புள்ளிகள்

மேசையை நகர்த்தினால்தான் அண்ணன் வீட்டுக்குள் வர முடியும். ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கத்தைப் பிடித்திருந்த ஆம்புலன்ஸ்காரர் வாசலிலேயே நின்று மூச்சு வாங்கினார்.

"அந்தப் பக்கம் தள்ளுங்கம்மா. கம்ப்யூட்டர் விழுந்துடப் போகுது, பாத்து."

தங்கை இரண்டு மடிக்கணினிகளையும் மூடி மார்போடு அணைத்துக்கொண்டு, இடுப்பால் மேசையை இடித்துத் தள்ளினாள். காப்பிக் குவளையும் கூடவே நகர்ந்தது. குவளையின் அடியில் அண்ணன் குடிக்காமல் வைத்த மிச்சம் அப்படியே இருந்தது.

காலையில் இதே மேசையில்தான் சண்டை. அண்ணன் தங்கை இருவருக்கும் ஒரே அலுவலகம், ஒரே வேலை. அகச்சிவப்புத் தொலைநோக்கி ஒன்று வானம் முழுவதையும் படம் பிடித்திருந்தது. அதிலுள்ள கோடிக்கணக்கான ஒளிப்புள்ளிகளில் எது நட்சத்திரம், எது கேலக்ஸி என்று பிரிக்க வேண்டும். நட்சத்திரம் கூர்மையான புள்ளி. கேலக்ஸி வெகு தொலைவில் இருக்கும் பெருங்கூட்டம்; ஓரம் கொஞ்சம் கசிந்து தெரியும். கசிந்தால் கேலக்ஸி என்று கணினிக்கு விதி எழுதியவன் அண்ணன். பால்வீதிப் பட்டையில் அந்த விதி செல்லாது என்பது தங்கையின் கட்சி. அங்கே நட்சத்திரங்கள் சந்தைக் கூட்டம்போல நெருக்கியடிக்கும்.

"அது கேலக்ஸி இல்லடா. ரெண்டு நட்சத்திரம் தோள்மேல கை போட்டுட்டு நிக்குது. உனக்கு ஒன்னாத் தெரியுது."

"போடி எலி. தூசிக்குப் பின்னாடி இருக்கறதப் பாக்கத்தானே அகச்சிவப்பு? அங்க தெரியறத எல்லாம் தூக்கிப் போட்டுட்டா, அந்த டெலஸ்கோப் எதுக்கு, துணி காயப்போடவா?"

"அடம். மண்டை முழுக்க அடம்."

"பெரிய டெலஸ்கோப்ல எடுத்த படம் இன்னைக்கு வருதுல்ல? வரட்டும். நீ ஜெயிச்சா மீசையை எடுத்துடறேன்."

சிரித்துக்கொண்டே சவரம் செய்யப் போனான். குளியலறையில் ஏதோ விழுந்தது. வாளி என்று நினைத்தாள். இன்னொரு வாய் காப்பி குடித்தாள். அண்ணி அலறிய பிறகுதான் எழுந்தாள்.

மருத்துவமனையில் டாக்டர் "இதயம்" என்றார். காகிதத்தில் நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போட்டார். நாற்பது முடிந்து ஒரு வருடம்கூடத் திரும்பாத ஆள்.

இப்போது ஹால் நடுவில் கிடந்தான். காதுக்குப் பின்னால் காய்ந்திருந்த சவர சோப்பை அண்ணி ஈரத்துணியால் துடைத்தாள். சோப்பு போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். சித்தப்பா ஜன்னலோரம் நின்று போனில் ஒவ்வொருவருக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஆமாப்பா, போயிட்டான்... விளையாடுவனா இதுல? நம்ம பையன்தான்."

தங்கைக்கு அழுகை வரவில்லை. போன் வந்தது. குழுத் தலைவர்.

"கேக்கற நேரமில்லம்மா. எனக்கே வாய் வரல. ஆனா சாயங்காலம் நம்ம கேலக்ஸிப் பட்டியல் வெளிய போகுது. அந்தப் பெரிய டெலஸ்கோப் படமும் வந்துடுச்சு. பால்வீதிப் பகுதிக்கு அவர் விதி இருக்கட்டுமா, எடுத்துடவா? நீங்க சொல்றதுதான். முடியலேன்னா அப்படியே விட்டுடறேன். அவர் பேர்ல போகட்டும்."

அவன் பேரில் போகட்டும். போனால், இல்லாத கேலக்ஸிகளைத் தேடி ஊர் ஊராகத் தொலைநோக்கிகளைத் திருப்புவார்கள். அப்புறம் அவன் பேரைச் சொல்லிச் சிரிப்பார்கள். எடுத்துவிட்டால், அவன் வருடக்கணக்காக உழைத்ததை அவன் செத்த அன்றே கூடப்பிறந்தவள் வெட்டியதாக ஆகும்.

"பாத்துட்டுச் சொல்றேன் சார்."

மடிக்கணினியோடு அறைக்குள் போனாள். சித்தப்பா வாசற்படிவரை வந்தார்.

"அவன அங்க கிடத்திட்டு, இப்பவா உனக்கு ஆபீசு? நாலு பேரு என்ன நெனப்பாங்க?"

ஹாலிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "விடுங்க மாமா. அதுவும் அவரு வேலைதான்."

படத்தைத் திறந்தாள். தான் சொன்னது தப்பாக இருக்கட்டும் என்று பிறந்ததிலிருந்து முதல்முறையாக வேண்டிக்கொண்டாள். அண்ணன் கேலக்ஸி என்று குறித்த முதல் கசிவைப் பெரிதாக்கினாள். இரண்டு புள்ளிகள். அடுத்ததும் இரண்டு. அதற்கடுத்தது ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஆனால் இரண்டு. கை தானாக ஓடத் தொடங்கியது. கசிவு, பெரிதாக்கு, இரண்டு. ஹாலின் பேச்சுச் சத்தம் எங்கோ கீழே போயிற்று. வேலை அவளை முழுசாக விழுங்கியது. நாற்காலியில் காலை மடக்கிப் போட்டு உட்கார்ந்தாள். நகத்தைக் கடித்தாள். கடைசியாக, காலையில் அண்ணன் சத்தியம் செய்யாத குறையாகப் பிடிவாதம் பிடித்த அந்த ஒன்று. பெரிதாக்கினாள். நடுவே நூல் பிடித்தாற்போலக் கறுப்பு இடைவெளி. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

'எடுத்துடுங்க சார்' என்று அனுப்பிவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள்.

"டேய்! இங்க வாடா! ரெண்டுடா, ரெண்டேதான்! ஓடி வந்து பாரு!"

வீடு அப்படியே நின்றது. திறந்த கதவு வழியே ஹால் முழுக்கத் தெரிந்தது. சித்தப்பா போனைக் காதிலிருந்து எடுக்காமல் பேச்சை மட்டும் நிறுத்தியிருந்தார். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணி, அவன் எழுந்திருக்க இடம் வேண்டும் என்பதுபோல, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.