வீராவுக்கு ஏற்ற எக்சோஸ்

மகன் ரூபேந்திரனின் கருமாதி முடிந்த அன்று மாலையிலிருந்து, மாசாயில் உள்ள சபாபதியின் வீட்டுக்குள் சத்தம் கேட்பது நின்றுபோனது. குழாயில் தண்ணீர் விழுந்தது, சத்தமில்லை. குக்கர் ஆவி விட்டது, விசில் இல்லை. பாலோ, சாஆ ஊர்களிலிருந்து வந்திருந்த உறவினர்கள் வாயசைத்துப் பார்த்துவிட்டு, துக்கத்தில் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். விடைபெற்று வாசல் கேட்டைத் தாண்டியதும் எல்லாருக்கும் குரல் திரும்பியது. சபாபதியின் தங்கை காளியம்மா கேட்டுக்குள் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்று சோதித்துப் பார்த்தாள். "அண்ணே, உள்ள ஒன்னுமே கேக்கல லா. டாக்டர கூப்புடுறதா, பூசாரிய கூப்புடுறதா?" என்று கேட்டாள். இருவரையும் கூப்பிட்டார்கள். இருவரும் காணிக்கையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நகராட்சியிலிருந்து சத்தம் அளக்கும் கருவியோடு ஒருவர் வந்தார். கேட்டுக்கு வெளியே வந்து நின்று, முள் அசையவில்லை என்றும், சத்தம் அதிகமானால்தான் நடவடிக்கை எடுக்க விதி இருக்கிறது என்றும் சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துப் போனார். கோழி விலை ஏறியதைப் பேசுவதுபோல் தெருவில் கொஞ்ச நாள் இதைப் பேசினார்கள். பரீட்சைக் காலத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அனுமதி கேட்டு அந்த வீட்டுக் கூடத்தில் வந்து படித்தார்கள். நல்ல மதிப்பெண்ணும் வாங்கினார்கள்.

காரணம் என்னவென்று சபாபதிக்கு மட்டும் தெரியும். பாசிர் கூடாங்கில் செம்பனை எண்ணெய்த் தொழிற்சாலையில் முப்பது வருடம் இயந்திரங்களின் நடுவே நின்றவர் அவர். ஓய்வு பெற்றபோது வீட்டில் அமைதி வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை அவருக்கு இல்லை. மகனோ தன் பழைய புரோட்டோன் வீரா காருக்கு உறுமும் எக்சோஸ் புகைக்குழாய் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தான். காலையில் அவன் வேலைக்குக் கிளம்பினால் கண்ணாடி அலமாரியில் தட்டுகள் நடுங்கின. அப்பன் திட்டினார், மகன் சிரித்தான். ஒரு நாள் ஆத்திரம் முற்றிப்போய்க் கார் சாவியை எடுத்து முருகன் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். ரூபேந்திரன் தேடிப் பார்த்துவிட்டு, நேரமாகிறது என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். நெடுஞ்சாலையில் ஒரு லோரி அவனைப் பார்க்கவில்லை. சாவியைப் பற்றி மனைவி அங்கம்மா அவரிடம் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. கருமாதிக்கு வரும் உறவுக்காரர்களைப் பேருந்து நிலையத்திலிருந்து அழைத்து வர வேண்டும், செத்த வீட்டுக் கார் இப்படி அலறிக்கொண்டு போனால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று, மகன் மாட்டிய எக்சோஸைக் கழற்றிப் பழையபடி கம்பெனிக் குழாயை மாட்டினார். கழற்றியதைப் பழைய இரும்பு எடுக்க வந்த லோரிக்காரனிடம் தூக்கிக் கொடுத்தார். மகனுடைய சத்தத்தை அவர் வெளியே அனுப்பினார். வீட்டிலிருந்த மற்ற சத்தங்களும் அதன் பின்னாலேயே போய்விட்டன. இப்படித்தான் சபாபதி கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

வீடு ஊமையானதுகூடப் பரவாயில்லை. அங்கம்மா போய்க்கொண்டிருந்தாள். முதலில் வீட்டுக்குள் பேசுவதை விட்டாள், பேசி என்ன பயன். பிறகு கேட்டுக்கு வெளியே நின்றாலும் பேசுவதை விட்டாள். சோறு கால் வயிறானது, பிறகு அதுவும் குறைந்தது. சேலை அவள் மேல் கொடியில் காய்வதுபோல் கிடந்தது. சட்டியில் கடுகு வெடிப்பது கேட்காததால் தாளிப்பைக் கருக விட்டாள், பின்பு தாளிப்பதையே நிறுத்தினாள். பக்கத்தில் படுத்திருப்பவளின் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காத வீட்டில், சபாபதி அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துப் பார்த்துக் கிடந்தார். மகனைக் கொடுத்தாயிற்று, இவளையும் கொடுத்துவிட்டு நான் எந்த முகத்தோடு உயிர் வாழ்வேன் என்று பயந்தார்.

ஆகவே காரை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் பின்னால் எக்சோஸ் கடை வைத்திருக்கும் மதிவாணனிடம் போனார். ரூபேந்திரனுக்கு மாட்டியது அவனல்ல. மாட்டியவன் கடையை மூடிவிட்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். மதிவாணன் வண்டிக்கு அடியில் படுத்தபடியே விளக்கம் சொன்னான்.

"அங்கிள், சும்மா பெரிய குழாயா போட்டா சத்தம் வரும். ஆனா பிக்கப் போயிரும் லா. மேட்டுல ஏறாது. மொதல்ல சொல்லுங்க, சத்தம் வேணுமா, இழுவை வேணுமா?"

"வீட்டுக்குள்ள கேக்கணும்பா," என்றார் சபாபதி.

"உள்ள ஒக்காந்தா கேக்கத்தானே செய்யும்."

"காருக்குள்ள இல்ல. என் வீட்டுக்குள்ள."

மாசாயில் அந்த வீட்டைப் பற்றித் தெரியாதவர்கள் இல்லை. மதிவாணன் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. முதலில், குழாயின் வால்பக்கம் சத்தத்தை மட்டுப்படுத்தும் மஃப்ளரில் அகன்றது ஒன்றை மாட்டினான். அது அடிவயிற்றிலிருந்து உறுமியது. சபாபதி அதை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வண்டியின் பின்பக்கம் கேட்டுக்கு வெளியே இருக்கும் வரை தெரு அதிர்ந்தது, பின்பக்கமும் உள்ளே நுழைந்ததும் சத்தம் அறுந்தது. எஞ்சின் மட்டும் கையில் நடுங்கிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் தகர டப்பாபோல் கரகரக்கும் ஒன்று. அதற்கடுத்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் படபடவென்று வெடிக்கும் ஒன்று. குழாயின் நடுவில் சத்தத்தைப் பதப்படுத்தும் ரெசனேட்டரைக் கழற்றிப் பார்த்தார்கள், நீளமாகப் போட்டுப் பார்த்தார்கள், இரண்டு போட்டுப் பார்த்தார்கள். ஒரு தடவை எந்தத் தடுப்பும் இல்லாமல் நேர்க்குழாய் மாட்டியபோது எதிர்வீட்டு ரொஹானி அக்காவின் சன்னல் கண்ணாடி விரிசல் விட்டது. சபாபதியின் வீட்டில் ஒரு சாசர் அலமாரியிலிருந்து விழுந்து சத்தமில்லாமல் உடைந்தது. வீராவுக்கு இழுவை போய்விட்டது, பாலத்தில் ஏறும்போது மீன் ஏற்றிய மோட்டார்கள்கூட அதை முந்திக்கொண்டு போயின. இப்படியே மூன்று தீபாவளி போனது. அறுபத்து மூன்று வயதில் குமரன்போல அலறும் காரில் திரியும் மனிதரைப் பார்த்துப் புதிதாகக் குடிவந்தவர்கள் சிரித்தார்கள். பழையவர்கள் அவர்களைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்கள்.

கடைசியில் ரூபேந்திரனின் கூட்டாளி விஜயன் தன் பழைய கைப்பேசியில் ஒரு வீடியோத் துண்டைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தான். அதில் வீரா ஒரு பெட்ரோல் நிலையத்தை விட்டுக் கிளம்பிப் போகிறது, அவ்வளவுதான். மதிவாணன் அதைக் காதில் வைத்து ஒரு வாரம் கேட்டான். இரண்டு அங்குலக் குழாய், நடுவில் ஒரே ரெசனேட்டர், பின்னால் முட்டை வடிவத்தில் பழைய மஃப்ளர் ஒன்று. ஸ்டார்ட் செய்ததும் விஜயன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதே சத்தம். இழுவையும் அதேபோல் இருந்தது. சபாபதி தெருவுக்குள் வந்தபோது ரொஹானி அக்கா கையில் மாவோடு வெளியே ஓடிவந்து, ஓட்டுவது யாரென்று பார்த்துவிட்டு அங்கேயே அழுதாள். கார் கேட்டுக்குள் நுழைந்தது. பின்பக்கமும் நுழைந்தது. சத்தம் அறுந்தது.

சபாபதி இறங்கி, வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த அங்கம்மாவின் கையைப் பிடித்து வெளியே தெருவுக்கு அழைத்து வந்தார். அவள் கை பப்படம்போல் இருந்தது. தெருவில் நின்று வாய்விட்டு அழுதார்.

"இதுக்கு மேல என்னால முடியலம்மா. அவன் சத்தத்தையே கொண்டாந்துட்டேன். அப்பயும் உள்ள வர மாட்டேங்குது. நான்தான் சாவிய எடுத்து வச்சேன். நான்தான் லா எல்லாத்துக்கும்."

அங்கம்மா மூன்று வருடத்துக்குப் பிறகு வாயைத் திறந்தாள். குரல் துருப்பிடித்திருந்தது.

"இந்தச் சத்தத்தோட அவன் எப்பங்க வீட்டுக்குள்ள வந்தான்?"

சபாபதி காரைத் திரும்பிப் பார்த்தார்.

"காலைல போவும்போதுதான் சத்தம். சாயங்காலம் நீங்க சாமி கும்புட்டுக்கிட்டு இருப்பீங்க, திட்டுவீங்கன்னு தெருமொன சிம்பாங்லயே எஞ்சின அடைச்சிருவான். எறக்கம்தானே, சும்மா உருண்டு வந்து நிப்பாட்டுவான். சத்தம் எப்ப அடங்குதுன்னு பாத்துத்தான் நான் அடுப்பப் பத்த வைப்பேன். அவன் உள்ள வர்றதுக்கும் தோசக்கல்லு காயறதுக்கும் சரியா இருக்கும்."

தேவாரத்தை உரக்கப் பாடிக்கொண்டு மணியடித்த நாட்களில், வெளியே பிள்ளை தன் காரை அப்பனுக்காக ஊமையாக்கி உருட்டிக்கொண்டு வந்தது சபாபதிக்குத் தெரியாமலே போயிருக்கிறது. அவனுக்கு மரியாதை தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். அதை நினைத்தபோது நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. வெடிக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு அவர் வீராவை ஒரு சுற்று ஓட்டிவிட்டு, தெரு முனையில் இருக்கும் சிம்பாங்குக்கு வந்து எஞ்சினை அடைத்தார். கேட்டுக்கு வெளியே காத்து நின்ற அங்கம்மா, சத்தம் அடங்கியதும் விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனாள். எஞ்சின் இல்லாமல் ஸ்டீரிங் கல்லாக இறுகிக்கொண்டது, பிரேக்கும் அப்படியே. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறக்கத்தில் உருண்டு வந்தார். கேட்டுக்குள் நுழைந்த பிறகும் டயருக்கு அடியில் சரளைக்கல் நொறுங்குவது கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் கதவைத் திறந்தார், கேட்டது. அடுப்படியில் கல்லில் மாவு விழுந்து சொய்யென்று இழுத்தது. கூடத்துக்குள் போய், மகன் சாவி மாட்டும் ஆணியில் சாவியை மாட்டினார். அது கிணுகிணுத்தது.

"வந்துட்டியாப்பா?" என்று, மகனிடம் கேட்பதுபோலவே, அங்கம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

மகன் சொல்வதுபோலவே சபாபதியும், "வந்துட்டேம்மா," என்றார்.

அப்படி வந்த சத்தம் மறுநாள் சாயங்காலம் வரை வீட்டில் தங்குகிறது, பிறகு போய்விடுகிறது. அதனால் சபாபதி தினமும் சிம்பாங்கில் எஞ்சினை அடைக்கிறார். பூஜையை ஏழரைக்கு மாற்றிக்கொண்டார். அந்த நேரத்தில் யாரும் தெருவில் குறுக்கே வண்டி நிறுத்துவதில்லை. அங்கம்மாவின் சேலை மறுபடி அவள் மேல் பொருந்தி நிற்கிறது. இழுவை எப்படி இருக்கிறது என்று மதிவாணன் எப்போதாவது விசாரிப்பான், இறக்கத்துக்கு எதுக்குப்பா இழுவை என்பார் அவர். சாவி ஆணியில் மாட்டும் சத்தம் கேட்டதும் அங்கம்மா அதையே கேட்கிறாள், அவர் அதையே சொல்கிறார். வந்தது யார் என்று இருவருக்கும் நன்றாகவே தெரியும். தோசை ஆறுவதற்குள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.