யாருமில்லாதவனுக்காக ஒரு பாய்

ஃபேதுவைப் புதைத்த மண் இன்னும் காயவில்லை. எங்கள் தீவு வழக்கப்படி வீட்டு வாசலிலேயே கல்லறை. காலையில் தட்டியைச் சுருட்டினால் அதில்தான் கண் விழும். என் நாத்தனார் சினலேயின் ஒரே மகன் அவன். தேங்காய் லாரியை ஏற்றிக் கொன்றவன் லோதோ, துவாலு தீவிலிருந்து பிழைக்க வந்தவன். வழக்கு நடக்கும்வரை போலீஸ் அவனை வெளியே விட்டிருந்தது. அவனுக்கு வேலை கொடுத்த கடைக்காரரின் கொப்பரைக் கொட்டகையில் முடங்கிக் கிடந்தான்.

இப்படி ஒரு சாவு விழுந்தால், கொன்றவனின் குடும்பத் தலைவர் விடியுமுன் வந்து, தலைக்குமேல் பாயைப் போர்த்திக்கொண்டு செத்தவன் வீட்டு வாசலில் மண்டியிட வேண்டும். அடுப்புக் கல்லும் விறகும் கூடவே கொண்டுவர வேண்டும். 'எங்களையே இந்த அடுப்பில் வைத்துச் சுட்டாலும் சரி' என்று அதற்கு அர்த்தம். நாங்கள் பாயை விலக்கி உள்ளே கூப்பிட்டால் மன்னிப்பு. கூப்பிடாவிட்டால் கத்தி.

லோதோவுக்கு இந்த மண்ணில் யார் இருக்கிறார்கள்? கடைக்காரரோ, "லாரி என்னுது, பாவம் அவனுது" என்று கையைக் கழுவிவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை கோயில் மணி அடிக்கிற வரைக்கும் பாப்பேன். அப்புறம் அந்தக் கொட்டகைக்கு நானே போறேன்" என்றார் என் கணவர் ஃபிலிப்போ. சினலேயின் அண்ணன், எங்கள் குடும்பத் தலைவர். கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார்.

"மணி அடிக்கிற வரைக்கும் எதுக்குங்க?" என்றேன் நான். ஃபேது என் மடியில் வளர்ந்தவன். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது.

சனிக்கிழமை விடியும்போது வாசலில் ஒரு உருவம் பாயைப் போர்த்தி மண்டியிட்டிருந்தது. பக்கத்தில் கல், விறகு.

"கடைக்காரருக்கு ஒருவழியா வெக்கம் வந்துருச்சு" என்றேன்.

"காயட்டும்" என்றார் ஃபிலிப்போ.

காய விட்டோம். கொக்கோ காய்ச்சிக் குடித்தோம். வெயில் ஏறியது, ஒரு மழை அடித்தது, மறுபடி வெயில். "என்னங்க, இளநீர் வெட்டித் தரவா? இல்ல, லாரியிலயே ஏத்தி அனுப்பிடவா?" என்று உரக்கக் கேட்டேன். உருவம் அசையவில்லை. சினலேயைத் தேட எங்களுக்குத் தோன்றவே இல்லை. மகன் போனதிலிருந்து விடிந்ததும் கோயிலுக்குப் போய்விடுவாள்.

உச்சிவேளையில் ஃபிலிப்போ கத்தியோடு எழுந்தார். "அந்த மூஞ்சியப் பாத்துட்டே வெட்டறேன்."

கத்தி முனையால் பாயின் ஓரத்தைத் தூக்கினார்.

சினலே.

உதடு வெடித்திருந்தது. நனைந்த தலைமுடி முகத்தில் ஒட்டியிருந்தது. எங்கள் ஊரில் தங்கை அண்ணன்முன் மண்டியிடுவது கிடையாது. அவளைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பதுதான் அண்ணனுக்குக் கடமை. ஃபிலிப்போ கத்தியைத் தாழ்த்தினார்.

"உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? செத்தது உம் புள்ள. நீ எதுக்கு முட்டி போடுற?"

"அந்தப் பையனுக்கு ஆள் இல்லண்ணே. அதான் நான் வந்தேன்."

"கொன்னவனுக்கா?"

"இயேசப்பா நமக்காக வந்தப்ப நாம மட்டும் என்ன, நல்லவங்களாவா இருந்தோம்? மன்னிச்சிட்டேன்னு கோயில்ல பாடிட்டு, வீட்டுக்கு வந்து நீங்க கத்தி தீட்டுறதப் பாத்துக்கிட்டு இருக்க என்னால முடியல. கல்லு இருக்கு, விறகு இருக்கு. அவனச் சுடணும்னா மொதல்ல என்னச் சுடுங்க."

பலி என்ற சொல்லைக் கோயிலில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆடு, ரத்தம், பீடம் என்று நினைத்துக்கொள்வேன். அது உயிரோடு, வியர்த்து விறுவிறுத்து என் வாசலில் வந்து உட்காரும் என்று யார் கண்டது? அவளைத் தொடவே பயமாக இருந்தது.

"எந்திரி" என்றார் ஃபிலிப்போ.

"அவன உள்ள கூப்பிடுங்க. எந்திரிக்கிறேன்."

அவர் கல்லறையைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். கத்தியை என் கையில் திணித்துவிட்டுக் கொட்டகைப் பக்கம் நடந்தார். என் கணவருக்கு ஒரு ஆளைக் கொல்லக் கத்தி தேவையில்லை. அதனால் அவர் திரும்பும்வரை நான் வாய்க்குள் ஜெபித்துக்கொண்டே நின்றேன்.

லோதோவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். கல்லறையைக் கண்டதும் அவன் கால் நகரவில்லை. ஃபிலிப்போ கொஞ்ச நேரம் அவனோடு அங்கேயே நின்றார். பிறகு எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, "வாப்பா, உள்ள வா" என்றார்.

அப்போதுதான் சினலே எழுந்தாள். கால் மரத்து விழப் பார்த்தவளை நான் தாங்கிக்கொண்டேன். நேரே சமையல் கொட்டகைக்குப் போனாள். வெந்த சேப்பங்கிழங்கும் தேங்காய்ப்பால் கீரையும் தட்டில் எடுத்து அவன்முன் வைத்தாள். அவன் அழுதுகொண்டே தின்றான். ஊரே வந்து வாசலில் நின்று பார்த்தது.

திரும்பி வந்தவள் அடுப்படியில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவள் கைகளைப் பிடித்துக்கொண்டேன்.

"வலிக்கலையா சினலே?"

"வலிக்குது மதினி. அவன் தின்னுறதப் பாத்தா வயிறு எரியுது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவனுக்குப் போக்கிடம் இல்ல. நாளைக்கும் அவனுக்குத் தட்டு வைக்கணும்."