ஆறாம் எண்ணின் வேகம்

எண்களே இவ்வுலகை ஆள்கின்றன. கும்பகோணத்தில் கோவிந்தராசுவின் இன்டர்நெட் மையத்தை ஆண்டது ஆறு. கதவிலக்கம் முப்பத்து மூன்று, கூட்டினால் ஆறு. நாற்காலிகள் ஆறு. கம்ப்யூட்டர் மட்டும் ஒன்று.

2001-ஆம் வருடம் ஒரு பிற்பகல், நர்ஸ் மலர்க்கொடி தன் அம்மா காளியம்மாளோடு அங்கே வந்து உட்கார்ந்தாள். மஸ்கட் ஆஸ்பத்திரி ஒன்று நான்கு பக்கப் படிவம் அனுப்பியிருந்தது. ஐந்து மணிக்குள் பதில் போகாவிட்டால் வேலை வேறொருத்திக்கு. மணி நாலே கால். திரையில் முதல் பக்கத்தின் தலைப்பு மட்டும் இறங்கியிருந்தது.

மலர்க்கொடி மோடத்தின் அமைப்பைத் திறந்தாள். "சார், போர்ட் வேகம் 9600-ல இருக்கே? ஐம்பத்தாறாயிரம் மோடத்துக்கு 115200 வைக்கணும். ஆத்துல தண்ணி வந்து என்ன, மதகை நாலு விரல்தானே திறந்து வச்சிருக்கீங்க?"

"கை வைக்காதம்மா. அது ஜோசியரைக் கேட்டு வச்சது. ஒன்பதும் ஆறும் பதினைஞ்சு. ஒண்ணும் அஞ்சும் ஆறு. நான் ஜூன் ஆறாந்தேதி பொறந்தவன்."

"115200?"

"கூட்டிப் பாரு, ஒன்பது வரும். நமக்கு ஆகாது."

"வேலைக்குப் போறது நான் சார். எனக்கு ஆகும்."

"கடை என்னுது இல்ல?"

காளியம்மாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டாள். "ஜூனா? நீங்க பொறந்த அன்னிக்கு உங்க வயல்லதான் தம்பி குறுவை அறுத்துக்கிட்டு நின்னேன். ஆம்பளப் புள்ளன்னு வரப்புல வெல்லம் குடுத்தாங்க. புரட்டாசி மாசம்."

"சர்ட்டிபிகேட்ல இருக்கே!"

"பள்ளிக்கூடத்துல சேர்க்க வாத்தியார் போட்டது. எம் மவனுக்கும் ஜூன்தான்."

கோவிந்தராசு புரட்டாசி எத்தனையாவது மாதம் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். அந்த இடைவெளியில் மலர்க்கொடி எண்ணை மாற்றி, லைனைத் துண்டித்து மறுபடி டயல் செய்தாள். மோடம் கீச்சிட்டுக் கரகரத்து ஒரு வழியாக அடங்கியது. பத்து நிமிடத்தில் நான்கு பக்கங்களும் வந்தன. நாலு ஐம்பத்திரண்டுக்குப் பதில் போய்ச் சேர்ந்தது. ஐந்துக்கு முன்பே மஸ்கட்டிலிருந்து 'கிடைத்தது, புறப்படத் தயாராகவும்' என்று ஒரு வரி வந்தது.

கோவிந்தராசு நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நோட்டும் பேனாவும் கைக்கு வந்திருந்தன. "சரி, புரட்டாசின்னே வச்சுக்குவோம். தேதியைச் சொல்லுங்க, அதுக்கு ஏத்த வேகமா வச்சிடலாம்."

"அறுப்பு நேரத்துல தேதி யாரு தம்பி பார்த்தா? வெல்லம் நல்லா இருந்துச்சு."

கோவிந்தராசு பிறந்த தேதி யாருக்கும் தெரியாது.